இருபது புள்ளி ஒன்பது

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்துகொள்வேன். மாமனார் நாலரைக்கே டிப்போவுக்குப் போயிருப்பார். அவர் குடித்த டம்ளரைக் கழுவிவிட்டு மூன்று பேருக்கு டீ போடுவேன். அத்தைக்குச் சர்க்கரை இல்லாமல். மச்சினிக்கு ஒன்றரைக் கரண்டி. ஆறு மணிக்கு அத்தை தையல் மிஷினில் உட்காருவார். பள்ளிச் சீருடைகளுக்கு ஓரம் அடித்துக் கொடுப்பது அவர் தொழில். மிஷின் ஓட ஆரம்பித்ததும் சாப்பாட்டு மேசை லேசாக அதிரும். அந்த மேசையில்தான் கம்ப்யூட்டரைத் திறப்பேன். ஒன்பது மணிக்குள் பத்து வேலைகள் எழுதி அனுப்ப வேண்டும்.

வேலை எழுதுவதுதான் என் வேலை. ஆள் தேடும் கம்பெனிகளுக்கும் வேலை தேடுகிறவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஓர் இணையதளத்தில் தமிழ்ப் பகுதி என் பொறுப்பு. ‘படித்து முடித்ததும் சேர நம்பிக்கையான பத்து வேலைகள்’ என்று தினம் ஒரு தொகுப்பு. கம்பெனிக்காரர்கள் இரண்டு வரி அனுப்புவார்கள். நான் அதைப் பன்னிரண்டு வரியாக்குவேன். சம்பளம் குறைவு என்றால் ‘கற்றுக்கொள்ள ஏராளமான வாய்ப்பு’. ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும் என்றால் ‘துடிப்பான பணிச்சூழல்’. முன்பு இருந்தவன் சொல்லாமல் ஓடிவிட்டான் என்றால் ‘உடனடியாகச் சேரலாம்’. நான்கு வருடமாக எழுதுகிறேன். இப்போதெல்லாம் யோசிப்பதில்லை. விரலே எழுதிவிடும்.

அன்று சனிக்கிழமை. வானம் மூடியிருந்தது. காற்று இல்லை. அத்தை சீருடைக் கட்டைப் பிரிக்காமல், என் மனைவியின் நீல நிற பேன்ட்டை மடியில் போட்டு ஓரத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன அத்தை இது?”

“சின்னவ உசரம் இல்லையா. ரெண்டு அங்குலம் எறக்கணும். நல்லவேளை, உள்ள துணி விட்டுத்தான் மடிச்சிருக்கேன்.”

பெரியவள் என் மனைவி. சின்னவள் அவள் தங்கை. வீட்டில் கூப்பிடுவதே அப்படித்தான். பெரியவள் அட்டை மில்லில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது அங்கேயே இறந்துபோனாள். அது நடந்து எட்டு மாதம் ஆகிறது. அதன் பிறகும் நான் இந்த வீட்டிலேயே இருக்கிறேன். போ என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் போகத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை மில்லிலிருந்து சின்னவளுக்குக் கடிதம் வந்தது. அதே வேலை. அக்கா உட்கார்ந்த அதே நாற்காலி. சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆள் வந்து கையெழுத்து வாங்குவார். திங்கட்கிழமை சேர வேண்டும்.

சின்னவள் தலையில் துண்டோடு வந்து டீயை எடுத்தாள். பேன்ட்டைப் பார்த்தாள்.

“புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்தா கொறஞ்சா போயிடுவ?”

“நல்ல துணிடி. ஆறு மாசம்கூடப் போடல.”

அத்தை சொல்லிவிட்டு ஊசியை வாயில் வைத்துக்கொண்டார். சின்னவள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். ஏழாவது வேலையில் இருந்தேன். ஒரு மருந்துக் கம்பெனிக்குக் கிடங்கு உதவியாளர்.

“அத்தான், பேசாம இருந்தா எப்படி? மூணு நாளா மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சிருக்கீங்க.”

“வேற வேலை பாக்கலாம்னு சொன்னேனே.”

“எந்த வேலை? நீங்க எழுதுறதுல ஒண்ணா? ‘பேசத் தெரிந்தால் போதும், வானமே எல்லை’ன்னு எழுதுனீங்களே, அதுக்குப் போனேன். வீடு வீடா மிக்ஸி விக்கச் சொன்னாங்க. வானம் எல்லைதான். தலைக்கு மேல வேற ஒண்ணும் இல்ல, வெயிலுதான்.”

அத்தை சிரித்துவிட்டார். ஊசி கீழே விழுந்தது. தேடினார்.

“பதினாலு மாசம் அத்தான். இருபத்தேழு இன்டர்வியூ. எங்க போனாலும் முதல் கேள்வி, அனுபவம் இருக்கா? நேத்துப் பொறந்த கொழந்தைய மடக்கி, இதுக்கு முன்னாடி எங்க பொறந்தன்னு கேக்குற மாதிரி. இவங்க ஒருத்தர்தான் கேக்கல.”

“அவங்க ஏன் கேக்கலன்னு யோசிச்சியா?”

“அக்காவுக்காகன்னு லெட்டர்லயே போட்டிருக்கே.”

“அக்காவையும் கேக்கல.”

அவள் டம்ளரை வைத்தாள். “அக்கா செத்த எடம்கறதுக்காக நான் போகக்கூடாதா? ரோட்டுல தெனம் யாராவது சாகறாங்க. அப்பா பஸ் ஓட்டாம இருக்காரா? சொல்லுங்க.”

“விடுடி,” என்றார் அத்தை. “மாப்பிள்ளைக்கு மனசு கேக்கல. ஆனா மாப்பிள்ளை, அவளே ஆசைப்பட்டதுதானே? கடைசியா உங்ககிட்ட அவ பேசுனதே இதைப் பத்தித்தானே? தங்கச்சிய நம்ம மில்லுல சேத்து விடணும்னு. நான் சொல்லல, நீங்க சொன்னதுதான்.”

நான் அப்படிச் சொல்லவில்லை. வேறு ஒன்று சொன்னேன். அது இப்படி வளர்ந்திருக்கிறது.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். காலையில போன் பண்ணினாளாமே, கடைசியா என்ன பேசினா, என்ன பேசினா என்று. வாயில் வந்ததைச் சொன்னேன். “சின்னவளைப் பத்தித்தான் அத்தை. அவளுக்கும் ஒரு நல்ல வேலை கெடைக்கணும்னு சொன்னா.” அத்தை பிடியை விட்டார். அப்போதைக்கு அது போதும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரியிடம் அத்தை சொல்லிக்கொண்டிருந்தார், தங்கச்சியக் கரையேத்தணும்னு சொல்லிட்டுத்தான் போனா என்று. ஒரு மாதம் கழித்து அது, என்னை மாதிரி அவளும் சம்பாதிக்கணும் என்றானது. கடிதம் வந்த வியாழக்கிழமை, மில்லிலேயே சேர்த்து விடணும் என்று முழுதாகிவிட்டது. திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டு மாதம். இரண்டு வரியைப் பன்னிரண்டு வரியாக்குகிறவனுக்கு அது எப்படி நடக்கிறது என்று தெரியாதா?

அந்த வேலையை அவளுக்குக் காட்டியது நான்தான். மில்லிலிருந்து வந்த இரண்டு வரி: ‘பாதுகாப்புப் பயிற்சி அலுவலர். ஏதேனும் அறிவியல் பட்டம். முன் அனுபவம் தேவையில்லை.’ அதை நான் எழுதினேன். ‘தொழிற்சாலைப் பாதுகாப்பு இன்று வேகமாக வளரும் துறை. முதல் நாளிலிருந்தே பொறுப்பான பதவி. ஆறு மாதத்தில் நிரந்தரம்.’ வெளியிடுவதற்கு முன்னால் அவளுக்கு அனுப்பினேன். மற்றவர்களுக்கு முந்திக்கொண்டு விண்ணப்பிக்கட்டும் என்று. அதில் எனக்குப் பெருமை வேறு.

நாங்கள் கல்லூரியில் ஒரே வகுப்பு. கல்யாணத்துக்குப் பிறகும் நீ, வா, போதான். அத்தைக்கு அது கொஞ்சம்கூடப் பிடிக்காது. வேலை கிடைத்த அன்று அவள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தாள். “மரியாதையாப் பேசு. ஆபீசர்” என்றாள்.

பழைய அட்டைப்பெட்டிகளை ஊறவைத்து, கூழாக்கி, மறுபடி அட்டையாக்குகிற மில் அது. கூழைத் தேக்கி வைக்கத் தரைக்கு அடியில் ஒரு குழி. இருபது அடி ஆழம். மில் இரண்டு மூன்று நாள் நின்றால் குழியின் அடியில் கூழ் புளித்துவிடும். அதைக் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ ஆள் இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன்னால் உள்ளே காற்று எப்படி இருக்கிறது என்று ஒரு மீட்டரை விட்டு அளந்து, சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். பெர்மிட் என்பார்கள். அந்தக் கையெழுத்து இல்லாமல் யாரும் இறங்க முடியாது. அந்தக் கையெழுத்துக்குத்தான் பாதுகாப்புப் பயிற்சி அலுவலர்.

அவள் இறந்து இரண்டு வாரம் கழித்து அவளுடைய பையையும் சாப்பாட்டு டப்பாவையும் வாங்கிவர மில்லுக்குப் போனேன். அவளைக் குழியிலிருந்து தூக்கிய பிட்டர், வாசலில் இருந்த டீக்கடைக்கு என்னைக் கூட்டிப்போனார். ஐம்பது வயது இருக்கும். வலது கட்டைவிரலில் நகம் இல்லை.

“தம்பி, பழைய ஆளுங்க யாரும் அந்தச் சீட்டுல கைய வைக்க மாட்டோம். சூப்பர்வைசர் வைக்க மாட்டான். போர்மேன் வைக்க மாட்டான். எல்லாருக்கும் தெரியும். அதுக்குன்னுதான் காலேஜ் முடிச்ச புள்ளைங்கள எடுக்கறது. ரெண்டு வருஷத்துல உங்க வீட்டம்மா நாலாவது ஆளு.”

“மீட்டர் இல்லையா?”

“ரிப்பேருக்குப் போயிருக்கு. நான் பாத்தே ரெண்டு வருஷம் ஆச்சு.”

“அப்ப சீட்டுல என்ன எழுதுவாங்க?”

அவர் சட்டைக்குள்ளிருந்து மடித்த காகிதங்களை எடுத்தார். பழைய பெர்மிட்டுகளின் நகல்கள். எதற்காக எடுத்து வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. தொழிற்சாலை இன்ஸ்பெக்டரிடம் கொடுக்கப் போயிருக்கிறார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. ஒன்றொன்றாகப் பார்த்தேன். ஆக்ஸிஜன் என்ற கட்டத்தில் இருபது புள்ளி ஒன்பது. அடுத்ததில் இருபது புள்ளி ஒன்பது. அதற்கு அடுத்ததிலும். நான்கு விதமான கையெழுத்து. எண் மட்டும் ஒன்று. திறந்த வெளியில் இருக்கும் காற்றுக்கு அதுதான் கணக்கு. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கும். இருபது அடிக் குழிக்குள், புளித்த கூழுக்கு மேலே, மழைக்காலம் வெயில்காலம் எல்லாம், இரண்டு வருடமாக, மொட்டைமாடிக் காற்று.

“அழுகின முட்டை நாத்தம் அடிச்சுட்டே இருந்தாக்கூடப் பரவால்ல தம்பி,” என்றார் பிட்டர். “நாத்தம் திடீர்னு நின்னு போச்சுன்னாதான் ஓடணும். மூக்கு செத்துடும். அப்புறம் ஆளு. இது எந்தக் காலேஜுலயும் சொல்லித் தரமாட்டாங்க போல.”

முதலில் இறங்கியவன் விழுந்தான். அவனைத் தூக்க இறங்கியவனும் விழுந்தான். அவள் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு ஏணியில் காலை வைத்திருக்கிறாள். பிட்டர் தடுத்திருக்கிறார். சீட்டில் கையெழுத்து என்னோடது, விடுங்கண்ணே என்றாளாம். நான்காவது படியோ ஐந்தாவது படியோ, அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. மூன்று பேரில் ஒருவன் பிழைத்தான். அது அவள் இல்லை.

மறுநாள் காலை என் பட்டியலில் ஆறாவதாக மில்லின் இரண்டு வரி வந்திருந்தது. பாதுகாப்புப் பயிற்சி அலுவலர். ஓர் இடம். நான் பழைய பன்னிரண்டு வரியை எடுத்து ஒட்டினேன். ‘உடனடியாகச் சேரலாம்’ என்று சேர்த்தேன். ஒன்பதுக்குள் அனுப்பிவிட்டேன். முன் அனுபவம் தேவையில்லை என்பதற்கு என்ன அர்த்தம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அனுபவம் உள்ளவன் யாரும் அந்த வேலைக்கு வரமாட்டான். அவ்வளவுதான். தெரிந்த பிறகும் எழுதுகிறேன். அதில் சேர்ந்த பையன் ஏழு மாதம் இருந்துவிட்டுச் சொல்லாமல் போய்விட்டான். கெட்டிக்காரன்.

இதையெல்லாம், மீட்டர் இல்லாதது, நான்கு கையெழுத்துகள், எல்லாவற்றையும் வீட்டில் சொன்னேன். சொல்லாதது ஒன்றுதான்.

மாமனார் பத்தரைக்கு வந்தார். ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். காக்கிச் சட்டையைக் கழற்றாமல் முகம் கழுவினார். அத்தை ரொட்டியும் முட்டையும் வைத்தார். அவர் ரொட்டியை டீயில் முக்கித் தின்றார்.

“வந்துட்டானா உங்க மில்லுக்காரன்?”

“பதினொண்ணுக்குப்பா.”

“பஸ் மாதிரிதான் வருவான். பதினொண்ணுன்னா பதினொண்ணே கால்.”

பதினொன்றே காலுக்கு வந்தான். இருபத்துநான்கு வயதுக்கு மேல் இருக்காது. புது ஷூ கடித்ததால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தான். கழுத்து அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தான். நாடா மட்டும் வெளியே தொங்கியது. தண்ணீர் கேட்டான். இரண்டு டம்ளர் குடித்தான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான்.

“மேடத்தோட இழப்பு எங்க மில் குடும்பத்துக்கே பெரிய இழப்பு. நிர்வாகத்தோட சார்பா...”

“தம்பி, மின்விசிறிக்கு அடியில நகந்து உக்காருங்க,” என்றார் அத்தை. “வேத்து ஊத்துது.”

அவன் நகர்ந்தான். விட்ட இடம் மறந்துவிட்டது. காகிதங்களை மேசையில் பரப்பினான். என் கம்ப்யூட்டரை மூடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஐந்து பக்கம். நான் வாங்கிப் படித்தேன். நான்காம் பக்கத்தில் இருந்தது. பணி அனுமதிச் சீட்டுகளில் கையெழுத்திடும் முழுப் பொறுப்பும் சேர்ந்த நாள் முதல் இவரையே சாரும்.

“மீட்டர் வந்துடுச்சா?” என்று கேட்டேன்.

“எந்த மீட்டர் சார்?”

“குழிக்குள்ள காத்து அளக்குற மீட்டர்.”

அவன் பைலைப் புரட்டினான். அதில் இருக்காது என்று அவனுக்கும் தெரியும். “அது... ஆர்டர்ல இருக்கு சார்.”

“எட்டு மாசமா?”

“ஸ்டோர்ஸ்லதான் கேக்கணும் சார். நான் சேந்தே மூணு மாசம்தான் ஆகுது.”

மாமனார் சிரித்தார். “எந்த ஆபீசுக்குப் போய் என்ன கேட்டாலும், பதில் சொல்ற ஆளு சேந்து மூணு மாசம்தான் ஆயிருக்கு. பழைய ஆளெல்லாம் எங்கதான் போறாங்களோ.”

“அப்பா, சும்மா இருங்க,” என்றாள் சின்னவள்.

“நான் ஒண்ணும் சொல்லலம்மா. நீங்க சொல்லுங்க தம்பி. எம் பொண்ணு விஷயத்துல கடைசியா என்ன முடிவு பண்ணீங்க?”

பையன் துடைத்த முகத்தை மறுபடி துடைத்தான். “ரிப்போர்ட் வந்துடுச்சு சார். மன்னிக்கணும். அளக்காம பெர்மிட் குடுத்ததுதான் காரணம்னு... மேடம் மறுத்திருக்கலாம். அந்த உரிமை அவங்களுக்கு இருந்துச்சு. எங்க கையேட்டுல முப்பத்தோராம் பக்கத்துல தெளிவா இருக்கு. பாதுகாப்பு இல்லன்னு தோணினா யாரா இருந்தாலும் மறுக்கலாம்.”

“அதான் எனக்கு வெளங்கவே இல்ல,” என்றார் மாமனார். கையைக் கழுவ எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். “முப்பது வருஷமா நானும் கையெழுத்துப் போட்டுத்தான் வண்டிய எடுக்கறேன். பிரேக்க மிதிச்சுப் பாக்காம ஒருநாளும் போட்டதில்ல. ஒரு தடவை மாட்டேன்னதுக்கு மெமோ குடுத்தான். போடான்னுட்டேன். அவ அதையெல்லாம் பாத்து வளந்தவ. பஸ் ஓடும்போது யாராவது எந்திரிச்சு நின்னாக்கூட, ‘அப்பா ஓட்டுற வண்டியா இருந்தாலும் ரூல் ரூல்தான்’னு மத்தவங்கள உக்கார வைப்பா. அவ எப்படிப் போட்டா? எட்டு மாசமா ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு இதைத்தான் யோசிக்கறேன். எப்படிப் போட்டா?”

 அத்தையின் கால் மிஷின் மிதியில் இருந்தது. மிஷின் ஓடவில்லை.

“அக்கா ஏமாளிப்பா,” என்றாள் சின்னவள். “யாரு என்ன சொன்னாலும் சரிம்பா. நான் அப்படி இல்ல. மீட்டர் இல்லன்னா முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன். பேனா குடுங்க.”

பையன் அவசரமாகப் பேனாவை எடுத்துக் கொடுத்தான். அவள் மூடியைக் கழற்றினாள். முதல் பக்கத்தில் கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடினாள். பேன்ட்டின் ஒரு கால் இறங்கி முடிந்து, இன்னொரு கால் பிரிந்தபடி அத்தையின் மடியில் கிடந்தது.

“அவளும் சொன்னா,” என்றேன்.

“யாரு?”

“பெரியவ. முடியாதுன்னு சொன்னா. மூஞ்சிக்கு நேரா.”

மாமனார் என் பக்கம் திரும்பினார்.

“சூப்பர்வைசர்கிட்ட சொல்லியிருக்கா. மீட்டர் வர்ற வரைக்கும் கையெழுத்துப் போட முடியாதுன்னு. அவன் சிரிச்சிருக்கான். இதுக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாம் போட்டதுதானே, நீ மட்டும் என்ன மகாராணியான்னு கேட்டிருக்கான். வர்ற வெள்ளிக்கிழமை உன்னை நிரந்தரம் பண்ற லெட்டர் என் மேசைக்குத்தான் வரும்னு சொல்லியிருக்கான். அவ அப்பவும் போடல. வெளிய வந்துட்டா.”

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் சின்னவள்.

“போன் பண்ணினா.”

“அன்னைக்கா?”

“அன்னைக்குத்தான். காலைல பத்து மணிக்கு.”

“சார், ரிப்போர்ட்ல அப்படி ஒண்ணும்...” என்று ஆரம்பித்தான் பையன்.

“உன் ரிப்போர்ட்டக் கொண்டுபோய் அந்தக் குழிக்குள்ள போடு,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எட்டு மாதமாக நான் யாரிடமும் சத்தமாகப் பேசவில்லை. “முப்பத்தோராம் பக்கம்னு சொன்னியே. மறுக்கலாம்னு போட்டிருக்குன்னு சொன்னியே. மறுத்தா லெட்டர் வராதுன்னு எந்தப் பக்கத்துல போட்டிருக்கு? முப்பத்திரெண்டா? எடு, பாக்கலாம். படிச்சு முடிச்சுட்டு வந்த புள்ள, வேலை நிரந்தரம் ஆகல, நாலு நாள்தான் பாக்கி. அவளை நிக்க வெச்சு, மறுக்க உரிமை இருக்குன்னு சொல்வீங்களா? இருபது வருஷம் சர்வீஸ் போட்ட போர்மேன் மறுக்கறான், அவனுக்கு ஒண்ணும் இல்ல. அவன் மறுக்கறதுனாலதான்டா இந்தப் போஸ்ட்டே இருக்கு. நாளைக்கு உன்னையும் ஒண்ணுல கையெழுத்துப் போடச் சொல்வாங்க. மூணு மாசம்தான் ஆகுதுன்னு அப்பச் சொல்லிப் பாரு.”

அவன் எழுந்து நின்றுவிட்டான். அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது. அவனுக்கும் முதல் வேலை. அதை எழுதியதும் நானாகவே இருக்கலாம். ‘மனிதர்களோடு பழகப் பிடிக்குமா? மனிதவளத் துறை உங்களுக்காக.’

“அத்தான்.” சின்னவளின் கையில் பேனா அப்படியே இருந்தது. “அவ மறுத்துட்டு வெளிய வந்துட்டா, இல்ல?”

“ஆமா.”

“உங்களுக்குப் போன் பண்ணினா.”

“ஆமா.”

“அப்புறம் எப்படிப் போட்டா?”

அதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால் அவள் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று தோன்றியது. சொன்னாலும் போடலாம். ஆனால் தெரிந்து போடுவாள்.

“நான் போடச் சொன்னேன்,” என்றேன். “வேலையில இருந்தேன். பத்தாவது வேலை முடியல, நேரம் தாண்டிடுச்சு. என்ன பண்ணட்டும்னு கேட்டா. எல்லாரும் போடுறதுதானே, நீ ஒருத்தி போடலன்னா காத்து மாறிடுமான்னு கேட்டேன். நாலு நாள்தான், லெட்டர் கைக்கு வரட்டும், அப்புறம் சண்டை போடலாம்னு சொன்னேன். இந்த வேலைக்கு வெளிய எத்தனை பேரு நிக்கறாங்கன்னு எனக்குத்தான் தெரியும், உனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். நம்பர் என்ன போடறதுன்னு கேட்டா. பழைய சீட்டப் பாத்து அதையே எழுதுன்னு சொன்னேன்.”

மாமனார் எழுந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது பாதம் தரையில் ஒருமுறை அழுத்தியது, கிளட்ச் மிதிப்பதுபோல. அவருக்கே அது தெரிந்திருக்காது.

சின்னவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை மூடினாள். ஐந்து பக்கங்களையும் சேர்த்துத் தட்டி ஒழுங்காக்கி, பையனிடம் நீட்டினாள்.

“எடுத்துட்டுப் போங்க.”

“மேடம், திங்கக்கிழமைக்குள்ள சொல்லலன்னா வேற ஆளுக்குப் போயிடும்.”

“போகும். தெரியும். யாராவது கெடைப்பாங்க.” அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். “அத்தான் எழுதுவாரு. உடனே கெடைப்பாங்க.”

அவன் செருப்பு அலமாரியில் கையை ஊன்றிக்கொண்டு, கடிக்கிற ஷூவைப் போட்டான். படியில் அவன் இறங்கும் சத்தம் ஒரு கால் அழுத்தமாகவும் ஒரு கால் லேசாகவும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“எட்டு மாசம்,” என்றாள் சின்னவள். “அக்காவ ஏமாளி ஏமாளின்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இதே மேசையில. நீங்க சாப்டுட்டு இருந்தீங்க.”

“ஆமா.”

“எப்படி அத்தான் சோறு எறங்குச்சு?”

எனக்குத் தெரியவில்லை. இறங்கியது. தினமும் இறங்கியது.

அத்தை பேன்ட்டை மடித்துவிட்டுப் பிரித்தார். மறுபடி மடித்தார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“அப்ப, தங்கச்சியப் பத்தி அவ எதுவும் சொல்லலையா?”

“இல்ல அத்தை.”

“என்னைப் பத்தி?”

“இல்ல.”

“நான் ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தேனே மாப்பிள்ளை.”

“நான்தான் சொன்னேன். நானாச் சொன்னேன்.”

“பின்ன என்னதான் சொன்னா? எட்டு மாசமா வயித்துல வெச்சிருக்கீங்களே. பெத்தவ கேக்கறேன். கடைசியா அவ வாயால என்ன சொன்னா?”

பழைய சீட்டைப் பார்த்து எழுது என்று நான் சொன்னேன். அவள் போனை வைக்கவில்லை. பின்னால் ஏதோ பம்பு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். நான் திரையில் பத்தாவது வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வைக்கட்டுமா என்று கேட்டேன். அவள் சொன்னாள்:

“சரி. நீ சொல்றல்ல, போட்டுடறேன்.”